பழமும் தயிரும்: அவசரக் காலைக்குப் பயனுள்ள குறிப்புகள்

இட்லி மாவு தீர்ந்துபோன காலையில் பல வீடுகளில் கை நேராக பிரெட் பாக்கெட்டுக்கோ, சர்க்கரை பூசிய கார்ன்ஃபிளேக்ஸுக்கோ போகிறது. அதே சமையலறையில் ஃப்ரிட்ஜுக்குள் தயிர் இருக்கும், கூடையில் நாலு வாழைப்பழம் இருக்கும். தயிர் சாதத்தில் மாதுளை முத்தும் திராட்சையும் தூவிச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். பழமும் தயிரும் சேர்ந்த காலை உணவு நமக்கு அந்நியமானதே இல்லை. அடுப்பு மூட்ட வேண்டாம், பத்து நிமிடம் போதும், மதியம் வரை பசியும் தாங்கும். ஆனால் ஏனோதானோ என்று கலந்தால் புளித்து, நீர்விட்டு, ஒரு வாய்க்கு மேல் இறங்காது. வேலையில் பாதியை முந்தைய நாளே முடித்துவிட வேண்டும். பழத்தை மட்டும் கடைசி நிமிடத்தில் சேர்க்க வேண்டும். கீழே உள்ள குறிப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒட்டியவைதான்.

1. ஒருவருக்கு அளவு: கெட்டித் தயிர் ஒரு கப், அதாவது சுமார் 200 கிராம். நறுக்கிய பழம் முக்கால் கப். ஊறவைத்த அவலோ ஓட்ஸோ ஒரு கைப்பிடி. வறுத்த வேர்க்கடலையோ பாதாமோ ஒரு மேசைக்கரண்டி. பழமும் தயிரும் மட்டும் என்றால் பதினோரு மணிக்கே வயிறு கேட்கும். தானியமும் கடலையும் சேர்ந்தால்தான் அது ஒரு வேளைச் சாப்பாடு.

2. புளிக்காத தயிர்தான் இதற்கு உயிர். நம் ஊர் வெயிலில் இரவு பத்து மணிக்கு உறை ஊற்றி, காலை ஏழு மணிக்கு எடுத்தால் தயிர் கட்டாயம் புளித்திருக்கும். அந்தப் புளிப்பை மறைக்கத்தான் சர்க்கரையை அள்ளிப் போடுகிறோம். நேரத்தை மாற்றினால் போதும். மாலை ஐந்து, ஆறு மணிக்கு உறை ஊற்றிவிடுங்கள். பால் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். அரை லிட்டர் பாலுக்கு ஒரு டீஸ்பூன் தயிர் தாராளம். அதிகம் விட்டால் சீக்கிரம் புளிக்கும். சித்திரை, வைகாசியில் நாலைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும். படுக்கப் போகும்முன் பாத்திரத்தை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். தயிர் ஓரத்தை விட்டு ஒரே கட்டியாக நகர்ந்தால் உறைந்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். குளிரில் பாக்டீரியாவின் வேலை மந்தமாகிவிடுவதால் புளிப்பு அதற்குமேல் அவ்வளவாக ஏறாது. காலையில் வெட்டி எடுக்கலாம் போல, இனிப்பாகவே இருக்கும்.

3. மார்கழி, தை மாதங்களில் இதற்கு நேர்மாறான தொல்லை. எட்டு, பத்து மணி நேரம் ஆனாலும் பால் பாலாகவே இருக்கும். பாத்திரத்தை மூடி, அரிசி டப்பாவுக்குள் இறக்கி வையுங்கள். ஹாட்பேக்கில் வைத்தாலும் சரி. குளிர் நாளில் உறைமோரை அரை டீஸ்பூன் கூட்டிக்கொள்ளலாம்.

4. தயிர் கெட்டியாக வேண்டுமானால் பாலைப் பொங்கியதும் இறக்கிவிடாதீர்கள். அடுப்பைக் குறைத்து, கிளறியபடி எட்டு, பத்து நிமிடம் காய விடுங்கள். அந்தச் சூட்டில் பாலின் புரதம் மாறுவதால்தான் தயிர் நீர்விடாமல் இறுகுகிறது. பாக்கெட் பாலில் டோன்ட் பாலுக்குக் கொழுப்பு 3 சதவீதம், நிலைப்படுத்திய பாலுக்கு 4.5, முழுக் கொழுப்புப் பாலுக்கு 6. உடல் எடையைக் குறைக்க நினைப்பவர்கள் டோன்ட் பாலிலேயே உறை ஊற்றலாம். மேலே சொன்னபடி நன்றாகக் காய்ச்சினால் அதுவும் கெட்டியாகவே வரும்.

5. மண் சட்டியில் உறைந்த தயிருக்கு ஈடில்லை. சட்டி நீரை உறிஞ்சிக்கொள்வதால் தயிர் தானாகவே இறுகும். கண்ணாடி, பீங்கான், எவர்சில்வரும் நல்லவைதான். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் தயிரை வைக்கவே கூடாது. புளிப்பு பட்டு உலோகம் உணவில் இறங்கும்.

6. கடைகளில் கிரேக்கத் தயிர் என்று நல்ல விலைக்கு விற்கும் கெட்டித் தயிரைப் போன்ற ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். சுத்தமான மெல்லிய பருத்தித் துணியில் தயிரைக் கொட்டி, வடிகட்டியில் வைத்து, அடியில் ஒரு கிண்ணம் கொடுத்து, ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க விடுங்கள். காலையில் பாதியாகச் சுண்டி, கரண்டியில் நிற்கும். புரதம் ஒரு கரண்டிக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். வடிந்த நீரைக் கொட்டாதீர்கள். சப்பாத்தி மாவு பிசைய, மோர்க்குழம்பில் சேர்க்க, ரசத்துக்கு விட, எல்லாவற்றுக்கும் ஆகும்.

7. வாழைப்பழத்தில் எல்லாம் ஒன்றல்ல. தயிருக்கு என் முதல் தேர்வு கற்பூரவள்ளி. அதன் இனிப்புக்கு வேறு எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. அடுத்தது மலைப்பழம். புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை, விருப்பாச்சி மலைப்பழங்கள் கிடைத்தால் விடாதீர்கள். சதை இறுக்கமாக இருப்பதால் தயிரில் கரைந்து குழைவதில்லை. பூவனில் லேசான புளிப்பு உண்டு, புளிக்காத தயிரோடு மட்டும் சேரும். நேந்திரனை ஆவியில் வேகவைத்துத் துண்டு போட்டால் குழந்தைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். பச்சை வாழைப்பழம் மலிவு, ஆனால் வாசம் குறைவு. ஏலக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை போட்டால் சரியாகும். தோல் கறுத்துக் கனிந்துபோன பழங்களைத் தூக்கிப் போட வேண்டாம். உரித்து, வட்டமாக நறுக்கி, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் அந்தத் துண்டுகளைத் தயிரோடு மிக்ஸியில் ஓடவிட்டால் ஐஸ்கிரீம் பதத்தில் வரும்.

8. அன்னாசிப் பழத்தைத் தயிரில் கலந்து வைத்துவிட்டு அரை மணி கழித்துச் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தயிர் கசந்திருக்கும், நீர்த்தும் போயிருக்கும். தயிர் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொட்டுகிறார்கள். உண்மையில் பழத்திலுள்ள புரோமலைன் என்ற நொதி தயிரின் புரதத்தை உடைத்துவிடுகிறது. கசப்பு அதனால்தான். கிவிப் பழத்திலும் இப்படி ஒரு நொதி உண்டு. பப்பாளியில் பப்பைன், காயில் அதிகம், நன்றாகக் கனிந்த பழத்தில் குறைவு. ஆகவே இந்த மூன்றையும் கலந்த கையோடு சாப்பிட்டுவிட வேண்டும். காத்திருக்க நேரும் என்றால் அன்னாசித் துண்டுகளை வாணலியில் போட்டு, தன் சாற்றிலேயே நாலைந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். சூட்டில் நொதி செயலிழந்துவிடும். கேரளத்து ஓணம் விருந்தின் அன்னாசிப் பச்சடியில் பழத்தை வேகவைத்த பிறகே தயிர் சேர்ப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

9. மாதுளை உரிக்கச் சோம்பல்பட்டே பலர் அதை வாங்குவதில்லை. பூப்பக்கத்துத் தலையை மட்டும் மெலிதாகச் சீவுங்கள். உள்ளே வெள்ளைத் தடுப்புகள் நட்சத்திரம்போலத் தெரியும். அந்தக் கோடுகளை ஒட்டி வெளித்தோலை மேலிருந்து கீழாகக் கீறுங்கள், ஆழம் வேண்டாம். ஒரு பாத்திரம் தண்ணீருக்குள் பழத்தை அமிழ்த்தி, விரலால் பிளந்து, முத்துகளை உதிர்த்துவிடுங்கள். முத்து அடியில் தங்கும், வெள்ளைத் தோல் மேலே மிதக்கும். சட்டையில் கறையும் படாது. வடித்து, ஈரம் போகத் துடைத்து, மூடி வைத்தால் மூன்று நான்கு நாளைக்கு ஃப்ரிட்ஜில் நன்றாக இருக்கும். முந்தைய நாளே தயார் செய்து வைக்க இதைவிடத் தோதான பழம் கிடையாது.

10. கொய்யாவை ஏழைகளின் ஆப்பிள் என்று சொல்லித் தாழ்த்திவிட்டோம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஆப்பிள் இதன் பக்கத்தில்கூட வராது, ஆரஞ்சிலும் இதில் கால் பங்குதான். நன்றாகப் பழுத்ததைப் பொடியாக நறுக்கி, மிளகுத்தூளும் சிட்டிகை உப்பும் தூவி, தயிரில் கலந்து பாருங்கள். விதை பல்லில் சிக்கும் பெரியவர்களுக்கு நடுப்பகுதியை எடுத்துவிட்டுக் கொடுக்கலாம்.

11. பருவத்தோடு போவது நாவுக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது. சித்திரை முதல் ஆடி வரை மாம்பழம்: பங்கனப்பள்ளியும் இமாம்பசந்தும் தயிருக்குப் பிரமாதம். ஆவணி தொடங்கி ஐப்பசி வரை சீத்தாப்பழம். சதையைக் கையால் பிசைந்து விதையை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். விதையோடு மிக்ஸியில் போடவே கூடாது, அந்த விதை நஞ்சு. பன்னீர் திராட்சை கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருடம் முழுக்க வருகிறது. சப்போட்டா, பேரிக்காய், அத்தி எல்லாமே சேரும். தர்ப்பூசணியை மட்டும் தயிரில் போடாதீர்கள், எல்லாம் தண்ணீராகிவிடும். தனியாகச் சாப்பிடுங்கள்.

12. மாம்பழம் வாங்கும்போது மூக்கை நம்புங்கள். மேனி முழுக்க ஒரே மஞ்சளாக இருந்தும் காம்பருகே வாசமே இல்லை, அழுத்தினால் கல் மாதிரி இருக்கிறது என்றால் வேண்டாம். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனாலும் அவ்வப்போது பிடிபட்ட செய்தி வருகிறது. முற்றிய காயாக வாங்கி, வைக்கோலிலோ அரிசி டப்பாவிலோ வைத்தால் வீட்டிலேயே பழுக்கும்.

13. எந்தப் பழமானாலும் வெட்டும்முன் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். தோலை எறியப்போகும் பப்பாளி, மாம்பழம், அன்னாசிக்கும் இது பொருந்தும். கத்தி உள்ளே இறங்கும்போது தோலில் உள்ள அழுக்கும் கூடவே இறங்குகிறது. கழுவிய ஈரத்தைத் துடைத்துவிட்டு நறுக்கினால் தயிர் நீர்க்காது.

14. அவல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ‘ஓட்ஸ்’. மெல்லிய அவலை வடிகட்டியில் அலசி, நேரே தயிரில் போட்டால் ஐந்து நிமிடத்தில் பதமாகும். கெட்டி அவலுக்குக் கால் மணி ஊறல் வேண்டும், சிவப்பரிசி அவலுக்கு அரை மணி. சிவப்பு அவலில் தவிடு கொஞ்சம் மிஞ்சியிருப்பதால் மென்று சாப்பிட வேண்டியிருக்கும். பசியும் நன்றாகத் தாங்கும். ஓட்ஸ்தான் வேண்டும் என்றால் இரவே மூன்று மேசைக்கரண்டியைத் தயிரில் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். முந்தைய நாள் மிஞ்சிய சாமைச் சோறு, தினைச் சோறும் அப்படியே உதவும். பொரியை மட்டும் சாப்பிட உட்காரும்போது தூவுங்கள், மொறுமொறுப்பு போகாது.

15. 20 கிராம் வேர்க்கடலையில் சுமார் 5 கிராம் புரதம். விலையைப் பார்த்தால் பாதாமைவிட இதுதான் சாமானியக் குடும்பத்துக்குக் கட்டும். வாரம் ஒருமுறை வறுத்து, தோல் நீக்கி, ஒன்றிரண்டாக உடைத்துப் பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளி விதையை வறுத்துப் பொடித்தே சேர்க்க வேண்டும். முழுசாகப் போட்டால் அப்படியே வெளியே போய்விடும். சப்ஜா விதையைக் கால் மணி தண்ணீரில் ஊறவிட்டு, வழுவழுவென்று உப்பிய பிறகே கலக்கவும்.

16. இனிப்பு பழத்திலிருந்தே வரட்டும். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; 5 சதவீதத்துக்குள், அதாவது சராசரியாக 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. தேனும் பழச்சாறும் அந்தக் கணக்கில் வரும், முழுப் பழம் வராது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்று பெயர் மாறினாலும் சர்க்கரை சர்க்கரைதான். புளிப்பான பழமாக அமைந்துவிட்டால் பேரீச்சை இரண்டைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள், அல்லது இரவே ஊறவைத்த உலர் திராட்சையைச் சேருங்கள்.

17. கடையில் வாங்கும் பழச்சுவைத் தயிர்க் கிண்ணத்தின் முன்பக்கத்துப் பழப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். சேர்க்கப்பட்ட சர்க்கரை எத்தனை கிராம் என்று அங்கே இருக்கும். பொருள்களின் பட்டியலில் சர்க்கரை இரண்டாவது இடத்திலும் பழம் வாசனைப் பொருளாகக் கடைசியிலும் இருந்தால், அது காலை உணவல்ல, இனிப்புப் பண்டம். குழந்தைக்குத் தினமும் அதைக் கொடுத்துப் பழக்காதீர்கள்.

18. இனிப்பு பிடிக்காதவர்களுக்கு உப்புச் சுவை. கடுகு, சீரகம், பொடியாக நறுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து ஆறவிட்டுத் தயிரில் சேர்த்து, அவல், மாதுளை, திராட்சை, துருவிய மாங்காய் கலந்தால் சுகமான உணவு. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதுதான் உகந்தது.

19. பழத்தையும் தயிரையும் சேர்க்கவே கூடாது என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. ஆயுர்வேதத்தில் விருத்த ஆகாரம் என்று ஒன்றுக்கொன்று ஒவ்வாத உணவுகளைச் சொல்லும் மரபும் இருக்கிறது. சாப்பிட்டபின் வயிறு உப்புசம், சளி என்று உங்கள் உடம்பு சொன்னால் அதைக் கேளுங்கள். பழத்தைத் தனியாகவும் தயிரை வேறு நேரத்திலும் சாப்பிடுங்கள். ஒத்துக்கொள்கிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. குளிர்ச்சிதான் பிரச்சினை என்றால் சாப்பிடுவதற்குக் கால் மணி முன்பே தயிரை வெளியே எடுத்து வைத்து, சுக்குப்பொடியோ மிளகுத்தூளோ ஒரு சிட்டிகை சேருங்கள். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும், உறையும்போது பாலின் சர்க்கரையில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது.

20. சிறு குழந்தைகளுக்கு: ஒரு வயது ஆகும்வரை தேன் தரவே கூடாது, அது உயிருக்கே ஆபத்தாகலாம். திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளந்து கொடுங்கள். ஐந்து வயதுக்குள் முழுக் கடலை, முழுப் பாதாம் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். பொடித்துத் தூவுங்கள்.

21. நீரிழிவு உள்ளவர்கள் கொய்யா, பப்பாளி, ஆப்பிள் இவற்றில் ஒன்றை அரை கப் அளவில் எடுக்கலாம். மாம்பழமும் பலாவும் மருத்துவர் சொன்ன அளவுக்கு மட்டும். மிக்ஸியில் அடித்துச் சாறாகக் குடிப்பதைவிட மென்று சாப்பிடுவது ரத்தச் சர்க்கரையை மெல்ல ஏற்றும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வாழைப்பழத்தின் பொட்டாசியம் தொல்லை தரலாம், கேட்டுவிட்டே சாப்பிடவும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காலை உணவு. இரும்புச்சத்து மாத்திரையையும், சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளையும் தயிரோடு சேர்த்து விழுங்காதீர்கள். தயிரின் கால்சியம் மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கும்.

22. அலுவலகத்துக்கு எடுத்துச் செல்ல இரண்டு டப்பா வேண்டும். ஒன்றில் தயிரும் அவலும், இன்னொன்றில் பழமும் கடலையும். ஆப்பிள், பேரிக்காய்த் துண்டுகளில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிந்தால் கறுக்காது. வாழைப்பழத்தைத் தோலோடு கொண்டுபோய் அங்கே உரித்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் டப்பாவோடு ஐஸ் பேக் ஒன்றை வையுங்கள்.

23. தயிரில் எதையும் கலப்பதற்கு முன்னால், சுத்தமான உலர்ந்த கரண்டியால் ஒரு ஸ்பூன் எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். இன்று மாலை உறை ஊற்ற அதுதான் வேண்டும். பழமோ சர்க்கரையோ பட்ட தயிரை உறைமோராக விட்டால் அடுத்த தயிர் கொழகொழப்பாகி, வாடையும் மாறிவிடும்.